பூனை வாடை

கக்கூஸில் போகத் தெரிந்த பூனை ஒன்று எங்களிடம் இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. அம்மா அளந்து விடுகிறாள் என்கிறார்கள். அவர்களுடைய பூனைக்குக் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக மணல் வருகிறது, அதில் பூ வாசனை வேறு. போகட்டும், பூனைக்கும் ஒரு காலம் வந்திருக்கிறது. ஆனால் அந்த மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பூனையின் ஞாபகம் வரும்.

அப்போது நாங்கள் பட்டணத்தில் கணபதி என்ற பகுதியில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் நாலாம் வகுப்பு. அப்பாவுக்கு, பக்கத்தில் இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் ஸ்டோர் கீப்பர் வேலை, அம்மா ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். முன்பு இருந்த லைன் வீட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். காலையில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டால் வெளியே இருப்பவர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். கணபதி வீடு அப்படியில்லை. முன்பக்கம் வீட்டுக்காரம்மாவின் பெரிய வீடு. பின்னால் எங்களுக்கு இரண்டு அறை, சொந்தக் குழாய், காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தனிக் கக்கூஸ். அதன் சாவியை அம்மா வீட்டுச் சாவியோடு கோத்து இடுப்பிலேயே செருகியிருப்பாள். காலம் முழுக்க இந்த வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அவள் அப்பாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. இதை இப்போதும் சொல்வேன், அதுதான் என் வயிற்றெரிச்சல். வாடகை பேசப் போன அன்று எந்த ஊர், என்ன ஆளுங்க என்று அப்பாவிடம் கேட்டாராம். கோபிச்செட்டிபாளையம் பக்கம், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இரண்டும் உண்மை. வேதக்காரங்க என்றதும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, அப்பாவும் மேற்கொண்டு சொல்லவில்லை. சின்னப் பெண்ணான என்னைக்கூட அந்தம்மா “சாப்டீங்களா அம்மணி” என்றுதான் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பேன். நடுவில் ஒரு தட்டு முறுக்கு வரும்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். கோபிப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்துகொண்டு ஊரிலேயே இருந்தார். தம்பி குடிபோன வீட்டை அதுவரை பார்த்ததில்லை. கேட் திறந்துதான் கிடந்தது. அவர் உள்ளே வரவில்லை. கொதிக்கிற ரோட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏனுங்க சாமி, எந்தம்பி ஊடு இதுதானுங்களா?”

வீட்டுக்காரம்மா வெளியே வந்தார். பெரியப்பாவின் வெறுங்காலையும் கக்கத்துத் துண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர், யாருடைய தோட்டத்தில் வேலை, ஊருக்குள் குடியிருப்பு எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். இவ்வளவு பெரிய வீட்டம்மா நம்மிடம் நின்று பேசுகிறாரே என்ற சந்தோஷத்தில் பெரியப்பா எல்லாவற்றுக்கும் விலாவாரியாகப் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சில் கவனமே இல்லை. அவர் கையிலிருந்த மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு பூனைக்குட்டி தலையை நீட்டி என்னைப் பார்த்தது.

பின்மனையில் வீடு கட்டுவதற்காக ஆற்று மணல் கொட்டியிருந்தார்கள். குட்டி காலையும் மாலையும் சுவரேறிக் குதித்து அந்தக் குவியலின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலை நடக்கிறதா என்று மேற்பார்வை பார்ப்பதுபோல இருக்கும். அப்பா அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தார். மேஸ்திரி மேற்பார்வை மட்டும் பார்க்கவில்லை என்பது கட்டட ஆட்கள் மணலைச் சலித்தபோது தெரிந்துபோனது. அவர்கள் சிரித்துக்கொண்டே அள்ளி எறிந்தார்கள். வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை.

“ஒன்னுமில்ல கண்ணு, பின்னாலருந்து ஒரு மாதிரி வாடை வருது. பூனை வெச்சிருக்கறே பாரு, அதுதான்” என்று அம்மாவிடம் சொன்னார். பெரியப்பா வந்துபோன அந்த வாரத்திலேயே இது ஆரம்பித்தது. அம்மாவிடம் பேசும்போது அதுவரை வாய் நிறைய இருந்த ‘ங்க’ போய்விட்டது. என் புத்தியைப் பாருங்கள், நம்மோடு நெருங்கிவிட்டார், உரிமையாக வா போ என்கிறார் என்று நான் பூரித்துப்போனேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், பாவாடையில் பூனை மயிர் ஒட்டியிருக்கும் என்று சொல்லி என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார். வாடை நிற்காவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்வார் போலிருக்கிறது என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அது என் காதிலும் விழுந்தது. இந்த வீடு நிற்பதும் போவதும் மேஸ்திரியின் கையில், இல்லை, அதன் பின்பக்கத்தில் இருக்கிறது என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன்.

மேஸ்திரியை வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே ஒரு பழைய பேசினில் ஆற்று மணல் போட்டு வைத்தோம். மணல் ஊறிப்போய் உண்மையாகவே நாறியது. அப்புறம் அப்பா ஃபவுண்டரியிலிருந்து வார்ப்பு மணல் கொண்டுவந்தார். அச்செடுக்கிற கருப்பு மணல், களி கலந்தது, ஈரம் பட்ட இடம் அப்படியே கட்டியாகிவிடும். கட்டியை மட்டும் எடுத்து எறிந்துவிட்டால் போதும், துளி வாடை கிடையாது. அப்பாவுக்கு ஒரே பெருமை. பட்டணத்தில் எவனுக்கும் இந்த யோசனை வராது என்றார். மறுநாள் மேஸ்திரி அந்த மணலில் நன்றாகப் புரண்டு, எங்களை ஏமாற்றி வெளியே ஓடி, வீட்டுக்காரம்மா கழுவிக் கோலம் போட்டிருந்த வெள்ளை வாசற்படியெல்லாம் கருப்புக் கருப்பாகக் கால் பதித்துவிட்டு வந்தது. அம்மா மண்டியிட்டு அந்தப் படியைத் தேய்த்தாள். அந்தம்மா மேலே நின்று, இங்கே விட்டுட்டே, அங்கே விட்டுட்டே என்று காட்டிக்கொண்டிருந்தார்.

மர அறுவை மில்லிலிருந்து மரத்தூள் வாங்கிப் பார்த்தோம். காற்றில் பறந்து அவர்கள் காயப்போட்ட வடகத்தில் விழுந்தது. பஞ்சு மில்லில் வேலைசெய்த யாரோ கழிவுப் பஞ்சு கொடுத்தார்கள். மேஸ்திரி அதைப் பார்த்ததும் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. கடன் கழிக்க என் பள்ளிக்கூடப் பைக்குப் போனது. நான் அழுத அழுகையில் அம்மாவே சிரித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வால்பாறையிலிருந்து ஒரு நோயாளி வந்திருந்தார். அங்கே எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை செய்தவர். துரை வீட்டுப் பூனை கக்கூஸில்தான் போகும் என்று அவர் சொன்ன கதையை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாளே வேலையை ஆரம்பித்தாள். பேசினைக் கொண்டுபோய்க் கக்கூஸ் வாசலில் வைத்தாள். பூனை பழகியதும் உள்ளே பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் பேசினை எடுத்துவிட்டு மணலைப் பீங்கானிலேயே தூவினாள். வரவர மணலைக் குறைத்துக்கொண்டே வந்தாள். டூட்டி முடிந்து களைத்து வந்தாலும் மேஸ்திரியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்க் குந்துவாள். பூட்டிப் பூட்டிப் பாதுகாத்த கக்கூஸின் கதவு பூனைக்காக ஒரு கல்லை முட்டுக் கொடுத்து எந்நேரமும் திறந்தே கிடந்தது.

ஒரு காலை மேஸ்திரி தானாக நடந்து போய், பீங்கானின் இரண்டு பக்கமும் காலை ஊன்றி, எங்களை மாதிரியே உட்கார்ந்து, காரியத்தை முடித்துவிட்டு வெளியே வந்தது. அப்பா பனியனோடு நின்று கைதட்டினார். அம்மா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு அந்தப் பூனையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள்.

அம்மாவுக்கு முதல் நாளே எல்லாம் தெரியும். பெரியப்பா ரோட்டில் நின்ற கதையைக் கேட்டபோதே, நாங்கள் என்ன சாதி என்று அந்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என அவளுக்கும் அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. வாடை எதிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டுதான் அவ்வளவு மணலும் தூளும் சுமந்தார்கள். எங்கள் எல்லோரிலும் மாற்றக்கூடியது அந்தப் பூனை ஒன்றுதானே, வேறு எதை மாற்றுவார்கள்? இதெல்லாம் நான் வளர்ந்து, எனக்கே ஒரு வீடு தேடி அலைந்தபோது புரிந்தது.

அம்மா வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மணலில்லை, பேசினில்லை, பினாயில் ஊற்றிக் கழுவிய தரை பளிச்சென்று இருந்தது. அந்தம்மா கக்கூஸ் பக்கம் வரவில்லை. எங்கள் கதவுக்கு நாலடி முன்னாலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“அதெல்லாஞ் செரி கண்ணு. ஆனா வாடை இருக்குதே” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை ஒயர்கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, நானும் அப்பாவும் கோபிக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் அது கத்திக்கொண்டே வந்தது. ஏன் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் என்று பெரியப்பா கேட்டார். வீட்டுக்காரம்மாவுக்குப் பூனை ஆகாது என்று அப்பா மழுப்பினார். பெரியப்பா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நா அங்க வந்திருக்கப்படாது தம்பி” என்றார்.

அதெல்லாம் இல்லை என்று அப்பா சொன்னார். சொல்லும்போது அண்ணனைப் பார்க்காமல் கூடையின் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பூனை செய்த வேலைக்குப் பெரியப்பா எதற்கு வருத்தப்படுகிறார் என்று நான் யோசித்தேன். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. கல்யாணம், காட்சி என்று எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

பூனை போயும் வாடை போகவில்லை. சுவரில் பிடித்துக்கொண்டதாம். சுண்ணாம்பு அடிக்க வேண்டும், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

டெம்போவில் சாமான் ஏற்றியாகிவிட்டது. பின்பக்கம் துணி காயப்போடும் கயிற்றை மறந்துவிட்டோம், ஓடிப்போய் அவிழ்த்து வா என்று அம்மா என்னை அனுப்பினாள். போனால், அதற்குள் வேலைக்காரம்மா வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா கூடவே நின்று மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். குழாயின் திருகைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். அப்புறம் கதவுக் கொண்டியை. எனக்கு அந்தம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீணாகச் சிரமப்படுகிறாரே என்று உதவி செய்வதாக நினைத்துச் சொன்னேன்.

“ஏனுங்க, பூனை கொண்டியெல்லாம் தொடாதுங்க. அதுக்கு எட்டாதுங்க.”

வேலைக்காரம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீ போ கண்ணு. வண்டி நிக்குது பாரு” என்றார்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு டெம்போவுக்கு ஓடிவந்தேன். பீரோவுக்கும் பாய்க்கட்டுக்கும் நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி போகாத இடத்தைக்கூட விடாமல் கழுவுகிறார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

“குழாயக்கூடத் தேய்க்கறாங்கம்மா. எல்லாம் அந்தப் பூனைக்காகத்தானா?”

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பியது.

“ஆமா கண்ணு” என்றாள். “பூனைக்குத்தான்.”

நான் நம்பிவிட்டேன். சனியன் பிடித்த பூனை, நன்றிகெட்ட பூனை, நம் வீட்டையே நாறடித்த பூனை என்று புது வீடு வந்து சேரும்வரை அதைத் திட்டிக்கொண்டே வந்தேன். அம்மா ஒரு தடவைகூட என்னைத் தடுக்கவில்லை.