ஆத்தாவிடம் கேட்கக் கூசிய வரம்

நம் கோயில் மலருக்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எனக்கு அப்படி எழுதத்தான் வரும்.

1. இந்த வருடம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மேல் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியது.

2. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். என் அம்மா கூடையோடு வாய்க்காலில் விழுந்துவிட்டார். குளவிகள் அவர் மேல் மொய்த்துவிட்டன.

3. தோட்டத்து லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மூச்சு முட்டியது. ஊசி போட்டார்கள். மூச்சு திரும்பியது.

4. அம்மா பிழைத்துவிட்டார் என்று அன்றைக்கே அப்பா நம் கோயிலில் சூடம் ஏற்றினார்.

5. மறுநாள் அம்மாவுக்குப் போன சிறுநீர் சாயத் தண்ணியின் நிறத்தில் இருந்தது. பால் விடாத தேத்தண்ணி எப்படி இருக்குமோ அப்படி.

6. அதற்கும் மறுநாள் அதுவும் நின்றுபோனது.

இந்த ஆறாவதற்குப் பிறகு நம் மாரியாத்தா செய்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். பணிய லயத்தில், அதாவது தோட்டத்தின் கீழ் வரிசை வீடுகளில், கடைசி வீடு எங்களுடையது. டெக்னிக்கல் காலேஜில் மின்சாரம் படித்துவிட்டு, நோர்வூட் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. பெண்கள் வார்டில் அப்பா தங்க முடியாது என்பதால் மகள் நான் லீவு போட்டுக்கொண்டு கூட இருந்தேன்.

டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். குளவி விஷம் சதையைக் கரைக்கும். கரைந்தது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கும். அதைக் கழுவி வெளியே தள்ள வேண்டும். அதற்கு சேலைன் ஏறுகிறது, வாயாலும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் இறங்காவிட்டால் கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டி வரும். எழுந்து நின்றால் அம்மாவுக்குத் தலை சுற்றியது. அதனால் நடக்கவும் கூடாது, எல்லாம் கட்டிலிலேயே சட்டி வைத்துத்தான் என்று சொல்லிவிட்டார்.

கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லும்போது நம் லயங்களில் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும்.

ஒரு மோட்டார் ஓடாவிட்டால் நான் முதலில் உள்ளே கரண்ட் வருகிறதா என்று பார்ப்பேன். பிறகு வெளியே வேலை நடக்கிறதா என்று பார்ப்பேன். உள்ளே வந்து, வெளியே ஒன்றும் நடக்காவிட்டால் நடுவில் எரிந்துவிட்டது என்று அர்த்தம். அம்மாவையும் அப்படித்தான் பார்த்தேன். சேலைன் ஏறுகிறது. தலைமாட்டில் நான் வைக்கிற தண்ணீர்ப் போத்தல் காலியாகிறது. வெளியே ஒன்றும் வரவில்லை. நடுவில் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுக்கு வந்தபிறகு என்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண் இமை, உதடு, காது எல்லாம் வீங்கி வேறு யாரோ மாதிரி இருந்தார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல."

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன். போத்தல பாரு."

"ஒண்ணுக்கு வருதா?"

"வரல. சும்மா சும்மா கேக்காத."

சிறுநீர்க் குழாய் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். சரி, நாளைக் காலை வரை பார்ப்போம், பிறகு கட்டாயம் வைக்க வேண்டும், ரத்த ரிப்போர்ட்டும் ஏறினால் கண்டிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி முற்றத்தில் ஓர் அரச மரம், அதன் கீழே ஒரு சின்னப் புத்தர் சிலை. மாரியம்மனுக்கு அங்கே இடம் இல்லை. நான் அந்த மரத்தடியிலேயே நின்று நம் ஆத்தாவைக் கூப்பிட்டேன்.

அதுவரை நான் பரீட்சைக்காகவும் வேலைக்காகவும் மட்டும்தான் சாமியிடம் கேட்டிருக்கிறேன். அன்று கேட்க வேண்டியிருந்தது வேறு. அதைக் கோயிலில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? தீட்டு என்று நாம் ஒதுக்கி வைக்கிற விஷயத்தை ஆத்தாவிடம் எப்படிக் கேட்பது? முதலில் "எங்கம்மாவுக்குச் சுகம் குடு" என்று பொதுவாகச் சொன்னேன். அது பொய்யாகப் பட்டது. எனக்கு வேண்டியது அதுவல்ல. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். "ஆத்தா, எங்கம்மாவுக்கு ஒண்ணுக்கு வரணும். எனக்கு அது போதும். வேற எதுவும் கேக்கல." சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

"ஏன் அழுறது? எந்த பெட்?"

திரும்பினால் ஒரு நர்ஸ் நிற்கிறார். என் சித்தி வயது இருக்கும். லீவு முடிந்து அன்று மத்தியான டியூட்டிக்கு வந்தவர். வார்டுக்குள் போகும் முன் புத்தருக்கு வைக்க ஒரு தட்டில் வெள்ளைப் பூ கொண்டு வந்திருந்தார். எனக்குச் சிங்களம் வரும். அவருக்கும் கொஞ்சம் தமிழ் வந்தது. குளவி கொட்டின அம்மா, ஜன்னலோரக் கட்டில் என்றேன். அவர் பூவை வைத்து, கும்பிட்டு, "வா" என்று முன்னால் நடந்தார்.

நான் கேட்டு முடித்து மரத்தடியை விட்டு நகர்வதற்குள் அவர் வந்துவிட்டார். அதை நீங்கள் மறந்துவிடாதீர்கள்.

அவர் வந்ததும் சார்ட்டை எடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் வீங்கிய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு போர்வைக்கு மேலேயே அடிவயிற்றில் மெதுவாகக் கை வைத்தார். அம்மா முகத்தைச் சுளித்தார்.

"அம்மே, இங்க நிறைய இருக்குதானே. ஏன் விட மாட்டேங்குறது?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் டயகமவிலிருந்து வந்த ஓர் அக்கா படுத்திருந்தார். கையில் கட்டு. அவர்தான் எழுந்து உட்கார்ந்தார். "மிஸ், சொன்னா இந்த அக்கா என்னை ஏசும். இருந்தாலும் சொல்றேன். அந்தத் தண்ணிய பூராவும் எனக்குத்தான் குடுத்துச்சு. மக வாங்கி வைக்கும், இது எனக்கு நீட்டும். நான் குடிச்சுக் குடிச்சு விடிஞ்சதிலிருந்து கக்கூசுக்கு நடந்துகிட்டே இருக்கேன். ஒடிஞ்சது கையி, இப்ப வலிக்கிறது காலு."

வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலியான போத்தல்களை நம்பித்தான் நான் நடுவில் எரிந்துவிட்டது என்று தீர்மானித்திருந்தேன்.

"ஏம்மா?" என்றேன்.

அம்மா என்னிடம் சொல்லவில்லை. நர்ஸைப் பார்த்துத்தான் சொன்னார். "மலைக்குப் போறதுன்னா காலையில ஒரு வாய் தேத்தண்ணிதான் மிஸ். அதுக்கு மேல குடிச்சா எங்க போறது? கங்காணி நிக்கிறாரு, செடி கவ்வாத்து வெட்ட ஆம்பளைங்க நிக்கிறாங்க. வந்தாலும் அடக்கிக்குவேன். கல்யாணத்துக்கு முன்னேயிருந்து அப்படித்தான். இங்க பாருங்க, எத்தன சனம். ஆம்பள ஆளுங்க பழம் வாங்கிக்கிட்டு வாறாங்க போறாங்க. நான் எப்படி இந்தச் சட்டியில இருக்கிறது? தண்ணி குடிச்சாத்தானே வரும்னு குடிக்கல. ஆனா அந்தச் சேலைன் ஏத்திக்கிட்டே இருக்காங்களே."

நர்ஸுக்கு எல்லாமே விளங்கியிருக்காது. நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார், "மலையில ரொம்ப முடியாம போனா என்ன செய்றது?"

"ரெண்டு பேரு படங்கு புடிப்பாங்க," என்றார் அம்மா. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்குத்தான் படங்கு. நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே இருந்து படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வார்டில் மறைப்புத் திரை ஒன்றுதான் இருந்தது, அது வேறு நோயாளிக்குப் போயிருந்தது. நர்ஸ் அதற்காகக் காத்திருக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பை எடுத்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்தார், மறுமுனையைத் தான் பிடித்தார். டயகம அக்காவும் நல்ல கையால் நடுவில் தூக்கிப் பிடித்தார். "முகம் அந்தப் பக்கம்," என்றார் நர்ஸ் என்னிடம். மூன்று பேரும் அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றோம். எதிரே பழப்பையோடு வந்த ஒருவரைப் பார்த்து நர்ஸ், "மாத்தயா, கொஞ்சம் வெளியே நில்லுங்க," என்றார். அந்த ஆள் போய்விட்டார்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. நர்ஸ் மட்டும் தாழ்ந்த குரலில், "பய வென்ன எப்பா அம்மே," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பயப்படாதீர்கள் என்று பொருள். எனக்கு அது அம்மாவுக்குச் சொன்னதாகப் படவில்லை, எனக்கே சொன்னதாகப் பட்டது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

இதை எழுத எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எத்தனையோ தடவை கோயில் மணி கேட்டிருக்கிறேன், உடுக்குச் சத்தம் கேட்டிருக்கிறேன். எந்தச் சத்தமும் என்னை அப்படித் தரையில் உட்கார வைத்ததில்லை. ஆத்தா, ஆத்தா என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அதோடு பயம் தீர்ந்துவிடவில்லை. நிறம் கறுப்பாகவே இருந்தது. அடுத்த நாள் ரத்த ரிப்போர்ட் இன்னும் ஏறியது. கண்டி என்ற பேச்சு மறுபடி வந்தது. ஆம்புலன்ஸ் வரும் பாதையைப் பார்த்தபடியே அப்பா வாசலில் நின்றார், சாப்பிடவில்லை. ஆனால் இப்போது அம்மா குடித்தார். நர்ஸ் வரும்போதெல்லாம் தனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு, "நானும் குடிக்கிறது, அம்மாவும் குடிக்கிறது," என்று பக்கத்தில் நிற்பார். விரிப்பை எடுத்து அம்மாவின் தலைமாட்டிலேயே மடித்து வைத்துவிட்டார். அவருக்கு டியூட்டி இல்லாத நேரம் மற்ற நர்ஸ்மாரும் அதையே பிடித்தார்கள். ஒரு தடவை தலைமை நர்ஸான பெரிய மிஸ்ஸே வந்து பிடித்தார். அம்மா வெட்கத்தில் செத்துவிடப் போகிறேன் என்றார். "செத்தா நான் ரிப்போர்ட் எழுத வேணும், எனக்கு வேலை கூடிப்போகும்," என்றார் நம் நர்ஸ்.

ஒவ்வொரு நாளும் சாயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஒரு காலையில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, கண்டி வேண்டாம் என்றார். அப்பா வாசலிலேயே மண்டியிட்டுவிட்டார்.

பங்குனித் திருவிழா முடிந்து மாவிளக்கு எடுத்துக்கொண்டு அந்த நர்ஸைப் பார்க்கப் போனோம். அம்மா ஒரு சேலையும் வாங்கி வைத்திருந்தார். சேலையை அவர் வாங்கவில்லை. மாவிளக்கை நின்றபடியே தின்று, விரலையும் நக்கிக்கொண்டார். கோயில் மலரில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "பேர் எதுக்கு. நாங்க எல்லாரும் ஒரே வெள்ளை உடுப்புத்தானே. அம்மனுக்குத் தெரியும் யாரை அனுப்பினதுன்னு," என்றார்.

எனக்கும் தெரியும். அவர் புத்தருக்குப் பூ வைக்க வந்தவர். நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன். வந்தது அவர்தான்.

இப்போது நான் வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தவறாமல் வருகிறேன். பூசைக்கு வருகிற அம்மாமார்களிடமும் தங்கச்சிமார்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வேண்டியதை ஆத்தாவிடம் அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கூச்சப்பட்டுப் பொதுவாகக் கேட்காதீர்கள். அவள் பெண். உடம்பில் உள்ளது எதுவும் அவளுக்கு அருவருப்பில்லை. உதவிக்கு அவள் அனுப்புகிற ஆள் எந்த மொழியில் பேசினாலும் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். காலையில் தண்ணீர் குடியுங்கள்.

இன்றைய நிலைமை: அம்மா வீட்டில் இருக்கிறார். சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை, கிளினிக்குக்குப் போய் வருகிறோம். இன்னும் மலைக்குப் போகவில்லை. தண்ணீர் குடிக்கிறார். எத்தனை தடவை போகிறார் என்று அப்பா எண்ணிக்கொண்டிருப்பதாகக் குறைப்படுகிறார். மேல் மலையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் எல்லோருமாகக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அதையும் ஆத்தாவிடம் பெயர் சொல்லியே கேட்டு வருகிறேன்.