செலினாவின் மிட்டாய் டப்பா

சங்கராபுரத்துச் செலினா, டீச்சர் படிப்பு படிச்சிக்கினு இருந்தப்போ, ஒரு மாசம் பாடம் எடுத்துப் பழகச் சொல்லி வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்க. அவ கையில ஒரு தகர டப்பா, நிறைய ஆரஞ்சு மிட்டாய். பரிசு குடுத்தா நல்ல பழக்கம் ஒட்டிக்கும்னு பாடத்துல படிச்சதை அப்படியே நம்பின பொண்ணு.

சரியா பதில் சொன்னா ஒரு மிட்டாய். மூணே நாள்ல, டப்பா மூடி டக்குனு சத்தம் போட்டா முப்பது கையும் மேல போச்சு. கேள்வி கேக்குறதுக்கு முன்னாலயே! செலினாவுக்குப் பெருமை தாங்கலை. சத்துணவு சமைக்கிற தைலம்மாள் மட்டும் அடுப்படியிலேந்து எட்டிப் பாத்துச் சிரிச்சா.

"இன்னாம்மா டீச்சரு, கோழிக்குக் கம்பு எறைக்கிற மாதிரி இருக்குதே!"

அது எம்பத்தேழாம் வருசம். இடஒதுக்கீடு கேட்டு, மலைக்குக் கீழ இருக்கிற ஊருங்கள்ல சாலை மறியல். மரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டுட்டாங்க. ஒரு வாரமா பஸ்ஸு மலையேறலை. டப்பா காலி. பிள்ளைங்க வாயும் மூடிக்கிச்சு. "சொல்லு கமலா"ன்னா, கமலா டப்பாவைப் பாக்குது. மறியல் முடிஞ்சதும் முதல் பஸ்ஸுல பயிற்சிப் பள்ளி சார் வந்து, உக்காந்து பாத்து மார்க் போடுவாரு. அதுல தவறினா செலினா இன்னொரு வருசம் படிக்கணும்.

அப்பதான் ஒரு மத்தியானம் தைலம்மாள் வந்து பக்கத்துல உக்காந்தா. "சத்துணவு நோட்டுல கைநாட்டு வெச்சு வெச்சு வெக்கமா இருக்குது. எம் பேரை எழுதக் கத்துக் குடு. எனக்கு மிட்டாய் வேணாம்."

முறத்துல தவிட்டைப் பரப்பி, செலினா விரலால எழுதிக் காட்டினா. தைலம்மாள் நாக்கைக் கடிச்சிக்கினு இழுத்தா. கொம்பு கோணிப் போச்சு. "அழிச்சிட்டு மறுபடி"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கினா. சாப்பிட்டுக் கை கழுவின பிள்ளைங்க சுத்தி நின்னு பாத்துச்சுங்க. யாரும் கூப்பிடலை.

மறுநாள் வாசல் மண்ணு முழுக்கப் பிள்ளைங்க பேரு. கோணினா, தைலம்மாள் மாதிரியே நாக்கைக் கடிச்சிக்கினு, "அழிச்சிட்டு மறுபடி"!

மறியல் முடிஞ்சு சார் வந்துட்டாரு. பழக்க தோசத்துல செலினா காலி டப்பாவை மேசை மேல வெச்சுட்டா. முப்பது சோடிக் கண்ணும் டப்பா மேலதான். ஒரு கை தூக்கலை. சட்டுனு டப்பாவைத் தூக்கி வெளியில வெச்சுட்டு, அடுப்படிப் பக்கம் குரல் குடுத்தா. "தைலம்மாக்கா, முறத்தை எடுத்துக்கினு வாங்க!"

தைலம்மாள் வந்து பிள்ளைங்களோட உக்காந்து எழுத ஆரம்பிச்சா. "பெரியம்மா, இப்படி இழுக்கணும்"னு கமலா ஓடி வந்தா. அவ்வளவுதான், முப்பது சிலேட்டுப் பலகையும் எழுத மடிக்கு வந்துடுச்சு.

"இன்னா பரிசு குடுத்தே?"ன்னு சார் கேட்டாரு.

"ஒண்ணும் குடுக்கலைங்க சார். அவங்களைப் பாத்து இதுங்களே எழுதுதுங்க."

"பாத்துக் கத்துக்கறது அடுத்த பாடமாச்சே. படிக்கலையா?"

"அதுக்குள்ள இங்க அனுப்பிட்டீங்களே சார்!"

சார் சிரிச்சிக்கினே மார்க் போட்டாரு. செலினா தேறிட்டா. தைலம்மாள் அன்னைக்கே நோட்டுல முழுப் பேரும் எழுதினா. காலி டப்பாவுல புளி போட்டு வெச்சிக்கினா. ரெண்டு வருசம் கழிச்சு வேலைக்குச் சேந்த அன்னைக்கு, ஆஜர் பட்டியல்ல கையெழுத்துப் போடுறப்போ செலினாவும் நாக்கைக் கடிச்சிக்கினு இருந்தா.