வலையின் வெளிப்பக்கம்

எங்கள் கல்லூரியின் கால்பந்து அணி தோற்றால் யாரும் காரணம் கேட்பதில்லை, வென்றிருந்தால்தான் கேட்டிருப்பார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறிவிட்டு, மறுநாள் காலை உதகைக் குளிருக்குக் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்தபடி ஒன்றுமே நடக்காததுபோல் வகுப்புக்கு வந்து அமர்ந்துவிடுவார்கள். நான் இலக்கியம் படிப்பவள். விளையாட்டு மைதானத்தைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம், அது எங்கள் வகுப்பறைச் சன்னலுக்கு நேர் கீழே இருந்தது என்பது மட்டுமே.

சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் புதிய பயிற்சியாளர் வந்தார். நாடுகாணிக்காரர். எல்லைக்கு அப்பால், நிலம்பூர்ப் பக்கத்தில், அணிக்கு ஏழு பேராக ஆடும் பந்தயங்களில் இளமையில் ஆடியவர். பிறகு நெடுங்காலம் மசினகுடியில் ஒரு விடுதிக்காக, காட்டு விலங்கு பார்க்க வருபவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டியவர். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார். நிர்வாகம் அவருக்கு நிரந்தரமாக எதையும் தந்துவிடவில்லை. முதல் ஆட்டத்தில் வென்று அடுத்த சுற்றுக்குப் போனால் வேலையில் தொடரலாம். தோற்றால் அத்தோடு சரி. இது இரகசியமாக இருக்கவில்லை. கேன்டீனில் டீ ஊற்றுபவர் முதல் நூலகர் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனாலேயே அந்த அணி திடீரென்று எல்லோருடைய அணியாகவும் ஆயிற்று என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை எப்படிப் பரவியது என்பதை என்னால் இன்று சரியாகச் சொல்ல முடியவில்லை. வெற்றி எதுவும் கிடைத்துவிடவில்லை. கூடலூர் அணி ஒன்றுடன் நட்புமுறையில் ஆடிய ஆட்டம் சமநிலையில் முடிந்தது, அவ்வளவுதான். ஆனால் ஆட்டக்காரர்கள் காலையில் நேரத்துக்கு வந்தார்கள். பந்தைக் கண்ட இடத்துக்கு உதைத்துவிட்டு ஓடுவதை நிறுத்தி, ஒருவர் காலிலிருந்து ஒருவர் காலுக்குக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். நாங்கள் இதையெல்லாம் பெரிய அறிகுறிகளாக எடுத்துக்கொண்டோம். பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட, என் கழுத்தில் தொங்கிய கல்லூரி அட்டையைப் பார்த்துவிட்டு, உங்கள் டீம் இந்த முறை நன்றாக இருக்கிறதாமே என்று கேட்டார்கள். நான் வெறுமனே தலையசைப்பேன். அசைத்த பிறகு, எதற்காக அசைத்தோம் என்று கூசுவேன்.

என்னை மைதானத்துக்கு இழுத்துச் சென்றவள் என் தோழி. மஞ்சூரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள். மலைப்பாதைப் பேருந்துகளில் ஓட்டுநருக்குக் கேட்கும்படி பின்னிருக்கையிலிருந்து பேசிப் பழகிய குரல் அவளுடையது. பயிற்சி நடக்கும் மாலைகளில் கேலரியின் கல்படியில் அவள் கத்துவாள். நான் பக்கத்தில் பேசாமல் அமர்ந்திருப்பேன்.

"ஏம்புள்ள, நீயும் ஒருக்காக் கத்துனா என்ன கொறஞ்சு போயிருவ?" என்று கேட்பாள்.

என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கத்துகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். நான் மிகைப்படுத்துவதில்லை. அதைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அடக்கம் என்று மற்றவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டதில் எனக்கு வசதியும் இருந்தது. ஒரு மாலை, பயிற்சியில் அடித்த ஒரு பந்தைப் பற்றிக் கேலரியே அது கோல்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தபோது, நான் தணிந்த குரலில், "கம்பத்துல பட்டு வெளிய போச்சுங்க" என்றேன். கீழே நின்ற பயிற்சியாளர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, ஒரு திருத்தத்துக்கு ஏற்படக்கூடிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

இங்கே மழைக்காலப் பிற்பகல்களில் மூடுபனி இறங்கும். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி தெரியாது. நடுவர் சில முறை ஆட்டத்தை நிறுத்துவார். சற்று விலகியதும் தொடர்வார். தொடர்ந்த மறுகணம் மறுபடியும் மூடிக்கொள்ளும். அப்போதெல்லாம் கேலரிதான் கண். ஓரக்கோட்டை ஒட்டி நிற்பவர்கள் தங்கள் முன்னால் நடப்பதைக் கூவ, அடுத்தவர் அதை வாங்கி அடுத்தவருக்குக் கூவ, மறுகோடியில் நிற்கும் கோல்கீப்பர் வரை செய்தி போய்ச் சேரும். முறை என்று யாரும் வகுத்ததில்லை, தானாக நடக்கும். பயிற்சியாளர் அதை முறையாக்கினார். போட்டிக்கு முந்தைய வாரம் கேலரிக்கு வந்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவராக நிறுத்தினார். இரண்டாவது பாதியில் நாங்கள் கோல் போட வேண்டிய கம்பத்துக்குப் பக்கத்தில் என் தோழி போய் நின்றாள். அவர் அவளை நகரச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இவ கத்த மாட்டா சார்" என்றாள் தோழி.

"அதுதான் வேணும். நீ பத்து தடவ கத்துவ, பசங்க ஒண்ணையும் நம்ப மாட்டாங்க" என்றார் அவர். பிறகு என்னிடம், மகளை அழைப்பதுபோல மலையாளத்தில், "மோளே, நீ கண்டத மட்டும் சொல்லு. போதும்" என்றார்.

நான் சரி என்றேன். அன்றிரவு உறங்கும்வரை அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்பதை எழுதும்போது முகம் சூடாகிறது. ஒரு தேர்வுத்தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியதைப் போலத்தான் அதை எடுத்துக்கொண்டேன். ஒரு மனிதர் தன் பிழைப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. குன்னூரிலிருந்துகூடப் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். படுகர் ஊர்களிலிருந்து வந்த ஒரு கூட்டம் மேளத்துடன் கேலரியின் மேல்படியைப் பிடித்துக்கொண்டது. முதல் பாதியில் கோல் இல்லை. எங்கள் அணி அவ்வளவு நேரம் கோல் வாங்காமல் இருந்ததே கிடையாது என்பதால், இடைவேளையில் எல்லோரும் பாதி வென்றுவிட்டவர்கள்போலப் பேசினார்கள். அடுத்த சுற்று எந்த ஊரில், அதற்குப் பேருந்து ஏற்பாடு செய்ய முடியுமா என்பதுவரை பேச்சு போயிற்று. நானும் அந்தப் பேருந்தில் எனக்கு ஓர் இடம் போட்டு வைத்தேன்.

இரண்டாவது பாதியின் கடைசிப் பகுதியில் மூடுபனி கனமாக இறங்கியது. என் கம்பமும் அதன் வலையும், அவற்றின் முன்னே கொஞ்சம் புல்லும்தான் எனக்குத் தெரிந்தன. பந்து என் கம்பத்தை நோக்கி வருவதாகக் கூவுபவர்களின் சங்கிலி வழியே குரல் வந்தது. எங்கள் முன்னாட்டக்காரர் பனியிலிருந்து வெளிப்பட்டார், காலை வீசினார், வலை குலுங்கியது, அதில் கோத்திருந்த நீர்த்துளிகள் மொத்தமாகச் சிதறின. அவருடைய இரண்டு கைகளும் மேலே போயின.

நான் கத்தினேன். "கோல்! நம்ம கோல்!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. தொண்டையில் அப்படி ஒன்று இருந்ததை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் வாங்கிக் கூவினாள், அடுத்தவன் கூவினான், மேளம் பிடித்துக்கொண்டது. அந்தச் சில நொடிகள் நான் மிக மகிழ்ச்சியாக இருந்தேன். யாரையோ கட்டிப்பிடித்தேன், யாரை என்று இன்றும் தெரியாது.

பந்து வலையின் வெளிப்பக்கத்தில் பட்டிருந்தது. எங்கள் முன்னாட்டக்காரர் கைகளைத் தூக்கியது தலையில் வைத்துக்கொள்வதற்காக. எதிரணியின் கோல்கீப்பர் பந்தை எடுத்து வைத்து உடனே நீளமாக உதைத்தார். நடுக்கோட்டுக்கு அப்பால் எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவர்களிடம் என் குரல் மட்டும் போயிருந்தது. நம்பி, கொண்டாட ஓடி வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கோல்கீப்பரும் பாதி தூரம் வந்துவிட்டிருந்தார். அவர்களுடைய தலைக்கு மேலே பந்து போயிற்று. மறுகோடியிலிருந்து முதலில் ஒரு விசில் வந்தது. எங்கள் வலைக்குள் கோல் விழுந்த செய்தி சங்கிலி வழியே வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைத் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்க வேண்டும்.

பயிற்சியாளர் ஓரக்கோடு வழியாக என்னிடம் ஓடி வந்தார். மூச்சு வாங்கிற்று.

"வலைக்குள்ள போச்சா? நீ கண்டியா?"

எனக்கு அப்போது ஐயம் வந்திருந்தது. முன்னாட்டக்காரர் புல்லில் முகம் புதைத்துக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். கோல் போட்டவர் அப்படிக் கிடக்க மாட்டார். வலை குலுங்கியதைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை, அளவான உண்மை, நான் பெருமைப்பட்டுக்கொண்ட வகை உண்மை. ஆனால் அப்படிச் சொன்னால் என் கூவல் பொய்யாகிவிடும்.

"பாத்தனுங்க சார்" என்றேன்.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மைதானத்துக்குள் போய் நடுவரைப் பிடித்தார். முதலில் கோல் விழுந்தது எங்களுக்கு, அதைக் கொடுக்காமல் ஆட்டத்தை விட்டது தவறு என்று வாதாடினார். பனிக்குள் அவர் முகம் தெரியவில்லை, குரல் கேட்டது. எங்கள் பிள்ளை கண்ணால் கண்டிருக்கிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கோட்டு நடுவரை அழைத்துக் கேட்டார்கள். அவர் வலைக்கு வந்து, பந்து எந்தப் பக்கம் பட்டது என்று வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். அவ்வளவு பக்கத்தில் நின்ற என்னை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பயிற்சியாளர் அதன் பிறகும் விடவில்லை. நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டி அவரைக் கேலரிக்கு அப்பால் அனுப்பினார். எதிர்க்கல்லூரி மாணவர்கள், ஜீப்பை எடுங்க அண்ணா, காட்டெருமை காட்டுங்க என்று கூவினார்கள். அவர் யார், எங்கிருந்து வந்தார் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. எங்களில் சிலரும் சிரித்துவிட்டார்கள்.

ஆட்டம் அப்படியே முடிந்தது.

யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மிஸ்ட்டுல யாருக்குத்தான் தெரியும் என்றார்கள் ஆட்டக்காரர்கள். எதற்கும் ஏதாவது சொல்லிச் சீண்டும் என் தோழி அன்று என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிலையம்வரை கூடவே நடந்தாள். அவள் சீண்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அந்த வார இறுதியில் அருவங்காட்டில் எங்கள் வீட்டில் இருந்தபோது ஒரு முடிவுக்கு வந்தேன். திங்கட்கிழமை உடற்கல்வி இயக்குநரைப் பார்த்து நடந்ததைச் சொல்வது. தோல்விக்குப் பயிற்சியாளர் பொறுப்பு என்றால் இருக்கட்டும். நடுவருடன் சண்டையிட்ட கெட்ட பெயராவது அவரைச் சேராமல் இருக்கும். சொல்ல வேண்டியதை வாக்கியம் வாக்கியமாக அமைத்து வைத்திருந்தேன்.

இயக்குநர் கோயம்புத்தூர்க்காரர், எங்களையெல்லாம் அம்மணி என்றுதான் அழைப்பார். நான் முதல் வாக்கியத்தைத் தொடங்கியதுமே கையை உயர்த்தினார்.

"அட, அதுக்கா வந்த? அவரு அன்னிக்கே சொல்லிட்டாருங்க அம்மணி. கோல்னு அவரே பாத்தாராமா. கண்ணு ஏமாத்திருச்சுன்னு பிரின்சிபல்கிட்டயும் ஒத்துக்கிட்டாரு. நீ எதுக்கு இதுல?"

"அவர் எங்கேங்க சார்?"

"சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரு. காலைல மொத பஸ்ஸு."

பயிற்சியாளர் நின்றிருந்த இடத்திலிருந்து அந்தக் கம்பமே தெரிந்திருக்காது. இயக்குநருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அது என்னிடம் தயாராகவும் இருந்தது. இயக்குநர் மேசைமீதிருந்த விசிலை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு, இன்னும் ஏதாவது உண்டா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"சரிங்க சார்" என்றேன்.

வெளியே வந்தபோது உடம்பு இலேசாக இருந்தது. நான் வெட்கப்படுவது அதற்காகத்தான். கத்தியதற்காக இல்லை, கத்தியது நம்பிக்கையால், அதை மன்னிக்க என்னிடம் காரணங்கள் உண்டு. தோற்ற பிறகு அவர் எப்படியும் போயிருக்கத்தான் வேண்டும் என்பதும் சரியான கணக்குதான். பல முறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் படியிறங்கும்போது என் கால்கள் உணர்ந்த அந்த இலேசு எந்தக் கணக்குக்கும் உட்படுவதில்லை.

இந்த ஆண்டு இன்னொரு பயிற்சியாளர் வந்திருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து, சான்றிதழ்கள் உள்ளவர். ஆட்டக்காரர்களின் ஓட்டத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து அவர்களுக்கே காட்டுகிறாராம். கேன்டீனில் மறுபடியும் அதே பேச்சு. நான் மைதானத்துக்குப் போவதில்லை என்று வைத்திருந்தேன். சென்ற வியாழக்கிழமை வகுப்பு முடிந்து சன்னலை மூடப் போனவள், மூடாமல் நின்றுவிட்டேன். வெயில் அடித்தது. கீழே, வலப்பக்கத்திலிருந்து உயரமாக வந்த பந்தை, ஓடி வந்த ஒருவன் நிறுத்தாமலே அடித்தான். அழகாக இருந்தது. சென்ற ஆண்டு இதை யாரும் இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. பழைய பயிற்சியாளரை நான் குறைத்து எடைபோட்டது அதற்கு அடுத்த நொடியில்தான் உறைத்தது.

தோழி என் தோள்மேல் முகவாயை வைத்து எட்டிப் பார்த்தாள்.

"இந்த வருசம் பாரு புள்ள, அடுத்த ரவுண்டு உறுதி."

"ஆமா" என்றேன். உறுதி என்று எதுவும் இல்லை என்பதை மனமறிந்துதான் சொன்னேன்.