பத்து நிமிட வேலைக்கு மூன்று ஞாயிறு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு அவர் 'பத்து நிமிஷம்'. கார்க் கதவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று யார் வந்து நின்றாலும், குனிந்த தலை நிமிராமல் "பத்து நிமிஷ வேலை" என்பார். சொன்னபடி முடித்தும் கொடுப்பார். அதோடு விட்டால் தேவலை, கூடவே ஒரு பிரசங்கம் வேறு. மழைத் தண்ணீர் கண்ணாடி ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அது குற்றமில்லை. கதவின் அடி விளிம்பில் மூன்று துளைகள் இருக்கின்றன, அந்த வழியாகத் தானே வெளியே போய்விடும். மண் அடைத்துக்கொண்டால்தான் வம்பு. அப்போது ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் தீர்ந்தது. உள்ளே போனதை வெளியே விட்டுவிட வேண்டும் என்று இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மகானுபாவர், கூடப் பிறந்த அக்காவோடு ஆறு வருஷமாகப் பேசவில்லை.

எல்லாம் வாயால் வந்த வினை. உறவுக்காரர்கள் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அக்கா வீட்டுக்காரரைக் காட்டி, "மாமா கார் ஓட்டுறதைவிடத் தள்ளிக்கிட்டுப் போனா சீக்கிரம் போய்ச் சேரலாம்" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவள்தான். தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிடம் ஆகுமா? மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனாள். அக்காவாக வரட்டும் என்று இவருக்கு வீம்பு. அக்காவை நினைத்து உள்ளுக்குள் உருகாத நாளில்லை. அது வேறு.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமாவின் பழைய கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டிருக்கிறாள். கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று சுவரிடம் சொன்னாள். பழக்க தோஷத்தில் இவரும் "பத்து நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் போய்விடுவாளே! இரண்டு துளைகளைக் குத்தினார். மூன்றாவதை மண்ணோடு விட்டுவிட்டார். தொழிலில் இப்படி ஒரு அயோக்கியத்தனத்தை அவர் அதுவரை செய்ததில்லை. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அடுத்த ஞாயிறு அதே கார், அதே கதவு. இந்த முறை, தம்பி மனைவிக்கு முட்டி வலி தேவலையா என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கே இவருக்குக் கூசிப்போயிற்று. மூன்று துளைகளையும் சுத்தமாகக் குத்தி, கண்ணாடி இடுக்கில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மூன்று வழியாகவும் அது இறங்குவதைக் காட்டினார். இனிமேல் இந்தத் தொந்தரவே வராது என்றும் சொன்னார். சொன்ன வாயில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா வீட்டுக்குப் போயே பார்த்துவிட்டு வரலாமே என்றாள் மனைவி. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று எரிந்து விழுந்துவிட்டு, அந்த வாரம் முழுக்க உர்ரென்று திரிந்தார்.

அந்த வாரம் பொட்டு மழை இல்லை. தெருவில் புழுதி பறந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து இறங்கி, தண்ணீர் மறுபடியும் நிற்கிறது என்றாள். கதவை அசைத்துப் பார்த்தார். சளக் சளக்கென்றது. குனிந்து முதல் துளையை விரலால் தடவினார். மண் இல்லை. வெள்ளையாக, மெத்தென்று என்னவோ. பிசைந்த மாவு. மேலே கட்டைவிரல் அழுத்திய குழிகூட அப்படியே இருந்தது. மூன்று துளையிலும் அதேதான்.

எழுந்திருக்க மனம் வராமல் அங்கேயே குந்தியிருந்தார். கண் கலங்கிவிட்டது.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"மாவு அடைச்சிருக்குக்கா."

"மொத தடவை வந்தப்ப மூணுல ரெண்டைத்தான் நீ குத்தின. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

கம்பியைக் கையில் உருட்டினார். பிறகு, "மாமாவை அன்னிக்கு அப்படிப் பேசினது தப்புக்கா" என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவரு அப்படித்தான் ஓட்டுவாரு. அதனாலதான் நானே கத்துக்கிட்டேன். ஆனா அதை நீ சொல்லக் கூடாது."

"இனிமே சொல்லலக்கா."

இரண்டு துளைகளைக் குத்தினார். தண்ணீர் கொட்டிக் காலை நனைத்தது. மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டு, அக்கா பார்க்கப் பார்க்கவே கம்பியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.