அரக்கனுக்குப் பதில் நான்

கடல் ஐந்துதான் இருந்தது. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் பிறந்தநாளுக்கு மும்பைப் பக்கம் வாஷியில் ஒரு மாலுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். மூன்றாவது மாடியில் ஒரு பழைய கதையை விளையாட்டும் சாப்பாடுமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் தெரிந்த கதைதான்: ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள், ஒரு கிளிக்குள் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கன். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே திரையில் கடல் வருகிறது. மூஞ்சியில் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் அரக்கனின் சாப்பாட்டு மேஜைக்குப் போய்விடலாம். ஏழு கடல் என்று போர்டில் எழுதியிருக்கிறதே, ஐந்துதானே வந்தது என்று அங்கிருந்த பையனிடம் ஹிந்தியில் கேட்டேன். இரண்டு கடல் மெயின்டனன்ஸில் இருக்கிறதாம். மரியாதையாகத்தான் சொன்னான்.

மருமகள் மெனு அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு மெனு வந்தது. கெட்டியான தோல் அட்டை, புதிது. திறந்ததும் ஒரு வாசனை எழும்பியது. பதப்படுத்திய தோலும், அதை ஒட்டுகிற சொல்யூஷனும் கலந்த வாசனை. நான் அதை மூக்கருகே வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல.

"தாத்தா, மெனுவை ஏன் மோந்து பாக்கறே?" என்றாள் பேத்தி.

அவளிடம் என்ன சொல்ல? அது மைதீன் பாயின் வாசனை. எனக்குத் தெரிந்த ஒரே அரக்கன் அவர்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம் முடித்து, மாதுங்காவில் இரண்டு அறை வீட்டில் எட்டாவது ஆளாக இருந்துகொண்டு, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு மனு. பதில் வந்தது மூன்று. மூன்றும் இல்லை என்றுதான். அந்த வருஷம் செம்பூரில் கல்யாணப் பந்தல் போடுகிற தமிழ் காண்ட்ராக்டர் ஒருவருக்குக் கோடை லீவில் ஒரு யோசனை வந்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் மூங்கிலும் தகரமும் தார்ப்பாயும் சும்மாதானே கிடக்கின்றன? ஒரு மைதானத்தை வாடகைக்குப் பிடித்து, இதே அரக்கன் கதையைக் கட்டிவிட்டார். நாங்கள் எல்லோரும் அவரை முதலாளி என்போம். அவர் எனக்குக் கொடுத்த வேலை, ஆள் எண்ணுவது. என் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

எப்படி இருந்தது என்று சொல்கிறேன். முழங்கால் ஆழத்துக்கு வட்டமாக ஒரு தகரத் தொட்டி. அதில் ஒரு படகு. படகுக்குப் பதினான்கு பேர், பாதிக்கு மேல் பிள்ளைகள். இரண்டு ஆட்கள் தண்ணீரில் இறங்கித் தள்ளுவார்கள். ஒரு சுற்று ஒரு கடல். ஒவ்வொரு சுற்றுக்கும் பல்புக்கு முன்னால் கண்ணாடிக் காகிதத்தை மாற்றுவார்கள். கடலின் நிறம் மாறிவிடும். மலைதான் உதைத்தது. சாக்குத் துணியில் சுண்ணாம்பு அடித்து மூன்று மலைதான் செய்திருந்தார்கள். முன்பக்கம் மூன்று, பின்பக்கம் மூன்று என்று வைத்தாலும் ஆறுதானே என்று முதலாளியிடம் முறையிட்டேன். அவர் மைதானத்து மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, அதையும் சேர்த்துக்கொள் என்றார். முப்பத்தேழு நாளும் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏழு சுற்று முடிய பதினேழு நிமிடம். பிறகு குகை. குகையில் அரக்கன் உறுமுவான். கூண்டிலிருந்து துணிக் கிளியை எடுத்து ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பேன். கழுத்தைத் திருகினால் தலை கழன்று வரும், உள்ளே கொக்கி. அரக்கன் பலகைமேல் தொம்மென்று விழுவான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பின்னால் சமையல்கார வெங்கிட்டு மாமா கயிற்றை இழுப்பார். கதவு திறக்கும். உள்ளே அரக்கனின் பந்தி.

பந்தியைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. முழ நீளத்துக்கு ஒரு தோசை, சுற்றி ஏழு கிண்ணம், ஏழு கடல். உப்புக் கடலுக்கு ரசம், பால் கடலுக்குப் பாயசம், கருப்பஞ்சாற்றுக் கடலுக்குப் பானகம். தயிரும் நெய்யும் தண்ணீரும் தத்தம் பெயரிலேயே வந்தன. கள் கடலுக்கு என்ன செய்வது என்று முதலாளி மூன்று நாள் யோசித்தார். வெங்கிட்டு மாமா புளித்த மோரை ஊற்றி விவகாரத்தை முடித்தார். படகு கிளம்பும்போதே எத்தனை பேர் என்று நான் சீட்டு அனுப்ப வேண்டும். ஆறாவது கடலில் படகு வரும்போது அவர் தோசை ஊற்றத் தொடங்குவார். அரக்கன் விழும்போது தோசை முறுகியிருக்கும். அவ்வளவு கச்சிதம்.

ஆகவே அரக்கன் நேரத்துக்குச் சாக வேண்டும்.

மைதீன் பாய் தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். பை, பெல்ட் எல்லாம் வெட்டிக் கொடுப்பார். திருநெல்வேலிப் பக்கம். ஆறடி மூன்று அங்குலம், நான் அளந்திருக்கிறேன். அரக்கனின் உடுப்பை அவரே பட்டறையில் விழுந்த துண்டுத் தோல்களைக் கோத்துத் தைத்துக்கொண்டார். இருநூற்றுப் பன்னிரண்டு துண்டு. கொம்பும் வைத்து அவர் நின்றால் ஏழடிக்கு மேல். முதல் ஆறு நாள், பிறகு ஞாயிறு மூன்று படகு, மொத்தம் அறுபத்தொன்பது தடவை ஒரு குறையும் இல்லாமல் செத்தார்.

ஞாயிறு நாலாவது படகில் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டே குகைக்கு வந்தாள். ஒரு கால் செருப்பு தண்ணீரில் விழுந்துவிட்டது. அரக்கன் உறுமலைப் பாதியில் நிறுத்தினார்.

"ஏ தாயி, அழாத. எந்தக் கடல்ல விழுந்துச்சு? நாலாவதுலயா? இரு, எடுத்துத் தாரேன்."

கொம்போடு போய்த் தொட்டியில் இறங்கித் துழாவி எடுத்துவந்து, அவள் காலில் மாட்டியும் விட்டார். வந்து நின்று, விட்ட இடத்திலிருந்து உறுமினார். நான் வழக்கம்போல் கிளியை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"முடியாது. இவரு என் செப்பல் எடுத்துக் குடுத்தாரு."

அடுத்த பிள்ளையிடம் கேட்டேன். முடியாது. அதற்கடுத்தது. முடியாது. படகில் ஒன்பது பிள்ளைகள், ஒன்பதும் முடியாது. தகரத்துக்குப் பின்னாலிருந்து வெங்கிட்டு மாமாவின் குரல் வந்தது.

"என்னடா, இன்னும் சாகலையா அவன்? தோசையெல்லாம் ஆறிப்போறது."

பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

"இதுக்கெல்லாமாடா பர்மிஷன் கேக்கறது?"

செய்தி அன்றைக்கே தாராவிக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து பிள்ளைகள் அரக்கனைக் காப்பாற்றுவதற்கென்றே வந்தார்கள். செவ்வாய்க்கிழமை கிளியைக் காணோம். ஒரு பையனின் வயிறு மட்டும் பச்சையாகத் துருத்திக்கொண்டிருந்தது. புதன்கிழமை பசி தாங்காத ஒரு தகப்பன் கிளியைப் பிடுங்கப் போக, அவர் மகனே அவர் மணிக்கட்டைக் கடித்தான். மைதீன் பாய் தாமாகவே செத்துப் பார்த்தார். பிள்ளைகள் ஓடிவந்து அக்குளில் விரலை விட்டார்கள். செத்த அரக்கன் வாய்விட்டுச் சிரித்தார். உறுமிப் பார்த்தார், பிள்ளைகளும் திருப்பி உறுமினார்கள். அந்த அமளி எல்லாம் அடங்கி எல்லோரும் பந்திக்குப் போய் உட்காரும்போது தோசை செருப்புத் தோலாக ஆகியிருக்கும். பெரியவர்கள் முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் காண்ட்ராக்டர். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒழுங்காகச் சாகாவிட்டால் வேறு அரக்கன் என்று சொல்லிவிட்டார். விக்ரோலியில் குஸ்தி பழகுகிற ஒருவரைப் பேசி, உடுப்பை அளவு பார்க்கவும் வரச்சொல்லியிருந்தார்.

அன்று டீக்கடையில் நான் மைதீன் பாயிடம், போகட்டும், உங்களுக்குப் பட்டறை வேலை இருக்கிறதே என்றேன். ஆறுதலாகச் சொல்வதாக நினைப்பு. அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

"நீரு எங்க பட்டறையப் பாத்ததில்ல வே. ஏணில ஏறி மேல போவணும். தகரம் இந்தா, இங்க இருக்கும்" என்று தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். "பகல் பூரா குனிஞ்சேதான் கெடக்கேன். வீட்லயும் அப்படித்தான். இங்க வந்துதான் மூணு மணி நேரமாச்சும் நிமிந்து நிக்கேன். இதுவும் போச்சுன்னா எங்க போயி நிக்க?"

ஐந்தடி நான்கங்குலக்காரனுக்கு என்ன தெரியும்?

ஞாயிறு வந்தது. பதினாறு படகு போக வேண்டிய நாள். முதல் மூன்று படகும் பழைய கதைதான். நாலாவது படகுக்கு முதலாளியே குகைக்குள் வந்து நின்றார், கூடவே விக்ரோலிக்காரர், கைகளைக் கட்டிக்கொண்டு. மைதீன் பாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் கிளியை ஒரு பையன் கையில் கொடுத்துவிட்டுப் பழக்கத்தில் தலைகளை எண்ணினேன். பதின்மூன்று.

பதினான்கு பேரையல்லவா ஏற்றினேன். மறுபடி எண்ணினேன். பதின்மூன்று. எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னேன். பிள்ளைகளுக்கு என்னை ஏற்கெனவே பிடிக்காது. ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போது எண்ணுவேன், சாப்பிடப் போகும்போது எண்ணுவேன். கின்தி அங்கிள் என்று பெயரே வைத்திருந்தார்கள்; ஹிந்தியில் கின்தி என்றால் எண்ணிக்கை. மூன்றாவது தடவை எண்ணினேன். நாலாவது தடவை எண்ணும்போது அரக்கனின் உடுப்புக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. அங்கே ஒருத்தி ஒளிந்திருக்கிறாள். வெளியே வா என்று நான் போட்ட அதட்டலில் கிளி வைத்திருந்த பையன் பயந்து அதைப் பிடித்து முறுக்கிவிட்டான். தலை தனியாகக் கையில் வந்தது. நான் அதே நேரத்தில் எண்ணிக்கொண்டே பின்னால் ஒரு அடி வைத்தேன். அங்கே படி இல்லை, கீழே அரக்கன் விழுகிற பலகைதான்.

தொம்.

கதவு திறந்தது. தோசை வாசனை குகை முழுக்க வந்தது. பிள்ளைகள் பையன் கையிலிருந்த கிளித் தலையைப் பார்த்தார்கள். நிமிர்ந்து நிற்கிற அரக்கனைப் பார்த்தார்கள். மல்லாந்து கிடக்கிற என்னைப் பார்த்தார்கள். பிறகு உடுப்புக்குள்ளிருந்து தலையை நீட்டிய பெண் சொன்னாள்:

"கிளிக்குள்ள இருந்தது கின்தி அங்கிளோட உயிருடா."

அவர்கள் போட்ட கூச்சலில் தார்ப்பாய் ஆடியது. அரக்கனின் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பந்திக்கு ஓடினார்கள். எனக்கு அடிபட்டதா என்று கேட்க ஒருத்தர் இல்லை. முதலாளி மட்டும் குனிந்து பார்த்தார். அடிக்காக அல்ல.

"அடுத்த போட்டுக்கும் இதே மாதிரி விழுவியா?"

என் மேல் குனிந்திருந்த முதலாளியின் பெரிய முகத்துக்கு மேலே, கொம்போடு நின்ற மைதீன் பாயைப் பார்த்தேன். விழுவேன் என்றேன். விக்ரோலிக்காரர் வந்ததற்கு ஒரு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கதை மாறிவிட்டது. கெட்டவன் நான், வரிசையில் நிற்க வைத்து எண்ணி எண்ணி உயிரை எடுக்கிறவன். அரக்கன் பாவம், என்னிடம் மாட்டிக்கொண்டவர். கிளிக்கு அடிதடி நடந்தது. அத்தனை பிள்ளைகளில் ஒன்றுகூட எனக்காகத் தயங்கவில்லை. செருப்பைத் தொலைத்த பெண் இரண்டு தடவை வந்தாள். இரண்டாம் தடவை, கழுத்தைத் திருகி நான் விழுந்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு திருகு திருகினாள். விதவிதமாக விழக் கற்றுக்கொண்டேன். சுழன்று விழுவேன், பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு விழுவேன், எழுந்து மறுபடி விழுவேன். வீட்டில் நான் ஒரு கம்பெனியில் மேற்பார்வை பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். முதுகில் காயம் எப்படி என்று அம்மா கேட்டதற்கு ரயில் நெரிசல் என்றேன். அந்த ஞாயிறு மிச்சம் பதின்மூன்று, அப்புறம் இருபத்துமூன்று நாள். மொத்தம் இருநூற்று எண்பத்தொரு தடவை செத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்த வேலையும் பார்த்ததில்லை.

முதல் மழைக்கு மறுநாள் எல்லாவற்றையும் பிரித்தார்கள். மலைகள் மறுபடி சாக்காயின. அடுத்த வருஷம் முதலாளி பந்தலோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு நாற்பத்திரண்டாவது மனுவில் வேலை கிடைத்து, முப்பத்தாறு வருஷம் ஒரு நாற்காலியில் கழிந்தது. மைதானம் இருந்த இடத்தை இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை; அங்கே எழும்பிய நாலு அடுக்குமாடிக் கட்டடங்களில் எதற்கு அடியில் இருக்கிறது என்று தெரியாது. வெங்கிட்டு மாமா போய்ச் சேர்ந்தார். மைதீன் பாயை ஒரே ஒரு தடவை, ரொம்ப வருஷம் கழித்து, செம்பூர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். முதுகு வளைந்திருந்தது. பக்கத்தில் நின்ற மனைவியிடம், "இவருதான், எனக்காவச் செத்தவரு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் பதறியதைப் பார்த்துச் சிரித்தார். இப்போது அவரும் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அப்போது ஒவ்வொரு தடவை நான் விழுந்ததும் பிள்ளைகள் பந்திக்கு ஓடிவிடுவார்கள். குகையில் நாங்கள் இருவர்தான் இருப்போம். மைதீன் பாய் ஒரே கையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, முதுகுத் தூசியைத் தட்டிவிட்டு, "எந்திரும் வே, அடுத்த போட்டு வருது" என்பார். இருநூற்று எண்பத்தொரு தடவையும்.

போன மழைக்காலத்தில் செம்பூர் ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்தேன். நாலு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் குடையை எடுத்துத் தந்தார். மும்பைக்காரர்கள் நல்லவர்கள். நான் மட்டும் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். யாரும் சட்டையைப் பிடித்துத் தூக்கவில்லை. பிறகு நானே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்தேன்.