மேல்வயிற்றில் ஒரு பொட்டலம்

பதுளையில் எங்கள் துணிக்கடைக்கு நல்ல காரியத்துக்கும் ஆள் வரும், கெட்ட காரியத்துக்கும் ஆள் வரும். நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்ததும் குரலை இறக்கி, இழுபறி இல்லாமல் கொடுத்து, அவர்கள் இறங்கும்போது "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் விட்டுவிட வேண்டும். சாவுக்குத் துணி எடுத்தவர்களை மறுபடி வரச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

ஆள் படி ஏறும்போதே அப்பா கண்டுபிடித்துவிடுவார். எனக்கு முகம் என்றால் இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒருமுறை தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இரண்டு பேர் ஒரு வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கேட்டார்கள். சட்டைக்கு அளவு கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேங்க, போட்டுப் பாத்தே எடுத்திருக்கலாம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்தத் துணி நாள்பட உழைக்கும், எத்தனை தடவை துவைத்தாலும் சுருங்காது என்றும் சொன்னேன். இறங்கும்போது அடிக்கடி வரச் சொன்னேன். அவர்களில் மூத்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, கையைக் கூடக் கழுவாமல் வந்தார். "ஒனக்குத் தெரியலன்னா வாயத் தொறக்காத. போறவங்கள பேசாமப் போக விடு" என்றார். இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்ன விதிகள் எனக்குப் பிடிக்கும். உடனே மனப்பாடம் செய்துகொண்டேன். அதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு ஆட்டிசம் என்பது தெரிய வந்தது அக்கா மகளின் புண்ணியத்தில். பிள்ளையைப் பார்த்த டாக்டர், குடும்பத்தில் வேறு யாராவது இப்படி உண்டா என்று கேட்டார். அக்கா, அத்தான், அம்மா மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் அப்போது அந்த அறையின் மின்விசிறி ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னையும் உட்கார வைத்துச் சோதித்தார்கள். டாக்டர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது ஒன்றுதான். அடுத்தவர் மனசு மட்டுமில்லை, என் மனசில் நடப்பதும் எனக்குச் சரியாகத் தெரியாதாம். கடைக்குள் வியாபாரம் நடக்கும், முதலாளிக்குத் தகவல் வராது. முதலாளி நான்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இதைச் சொல்ல டாக்டரா வேணும் என்று கேட்டுவிட்டு, அவள் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

அவள் டீச்சர். இந்த வருடம் அவளை மொனராகலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுவாள், வெள்ளிக்கிழமை பொழுது சாயத் திரும்பி வருவாள். நடுவில் இன்னொரு டீச்சரோடு ஒரு அறையில் தங்கல். அப்படியிருக்கும்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்மார் தங்கும் ஒரு குவாட்டர்ஸ் காலியானது. அதை எடுத்தால் வாராவாரம் அலைய வேண்டியதில்லை, மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். பதுளைக்கே மாற்றம் கேட்கும் எண்ணத்தையும் விட்டுவிடலாம். துணி மடித்துக்கொண்டே, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் நியாயமாக யோசித்துப் பதில் சொன்னேன்.

"எடுத்துக்க. பஸ்ல அலையத் தேவையில்ல."

அவள் தலையை ஆட்டினாள். மறுபடி ஒரு தலையாட்டல்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குக் கூடப் போனேன். பையை மேலே தூக்கி வைத்தேன். இறங்கி ஜன்னலோரம் நின்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்த வகை முகம் என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் மனப்பாடமாயிற்றே. வாயைத் திறக்கவில்லை. போகிறவளைப் பேசாமல் போக விட்டேன். சரியாக நடந்துகொண்டோம் என்ற நினைப்போடு, வழியில் பார்மசியில் வழக்கமான கேஸ்ட்ரிக் மருந்தை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

பொழுதுபட்டதும் போனில் கோல் எடுத்தாள். வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு, "செத்த வீட்டுல இருந்து கெளம்புறவளாட்டம் அனுப்பி வச்சீங்க. போயிட்டு வான்னு ஒரு வார்த்த வரல" என்றாள். நாளைக்குக் காலையில் குவாட்டர்ஸ் வேண்டுமென்று பிரின்சிபாலிடம் சொல்லப்போவதாகவும், எனக்கு அதில் ஏதாவது சொல்ல இருந்தால் இப்போதே சொல்லும்படியும் சொன்னாள்.

நான் எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். உண்மையாகத்தான் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றேன். கடைசியில், போனை வைக்கப் போகிறவள் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. கேஸ்ட்ரிக்."

"எப்ப இருந்து?"

"ஒனக்கு மாற்றம் வந்ததுல இருந்து. மருந்து குடிக்கிறேன், கேக்குதில்ல."

எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இதற்கு என்னால் விவரமாகப் பதில் சொல்ல முடியும். மேல்வயிற்றில் யாரோ ஒரு பொட்டலத்தை வைத்து, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது மாதிரி என்றேன். அவள் டீச்சராகிவிட்டாள்.

"எப்ப தொடங்குது?"

"ஞாயித்துக்கெழம. ஒன் பஸ் கெளம்புற நேரம்."

"எப்ப நிக்கிது?"

"வெள்ளிக்கெழம பசறை தாண்டிட்டேன், கிட்ட வந்துட்டேன்னு கோல் எடுப்பியே, அப்ப."

சிக்னல் போய்விட்டதோ என்று போனைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது.

"இத ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"அதான் மருந்து குடிக்கிறேனே."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பும் அழுகையும் போனில் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். இது எது என்று கேட்டேன்.

"ரெண்டுந்தான். வைங்க போன" என்றாள்.

காலையில் அவள் பிரின்சிபாலிடம் குவாட்டர்ஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். பதுளைக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. அதுவரைக்கும் வாராவாரம் பஸ்தான். என் பொட்டலத்துக்குப் பெயர் ஏக்கம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு அது இன்னும் பொட்டலம்தான். மருந்தையும் நான் முழுதாக நிறுத்தவில்லை, மிச்சம் இருக்கிறதை ஏன் வீணாக்க வேண்டும் என்று.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"கட்டத் தொடங்கியாச்சு" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

பக்கத்தில் நின்ற கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெறும் வயித்துல வெயில்ல நிக்காதீங்கண்ணே, ஒரு சோடா குடிங்க என்றார். நான் அவரைக் கவனிக்கவில்லை. எனக்கு முக்கியமான வேலை ஒன்று பாக்கி இருந்தது.

"போயிட்டு வா" என்றேன்.

அவள் சிரித்தாள். அது சிரிப்புத்தான், பல் தெரிந்தது. ஆனால் டிரைவர் இன்னும் தேத்தண்ணீர்க் கடையில் இருந்தார். பஸ் அசைகிற வழியாக இல்லை. பஸ் கிளம்புமுன் சொன்னது கணக்கில் வருமோ வராதோ என்று சந்தேகமாக இருந்தது. அதனால் அவர் வரும்வரை அங்கேயே நின்று, இடைக்கிடை சொல்லிக்கொண்டே இருந்தேன்.