வண்டித் தடத்தில் ஒரு புதுக் கார்

உத்தனப்பள்ளிக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு மாட்டுவண்டித் தடம்தான் பாதை. போன வருடம் என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது, பெங்களூருக்குப் போய்ப் புதுக் கார் பார்த்தோம். இருந்தவற்றில் தாழ்வான ஒன்றில் அவள் ஏறி உட்கார்ந்து, "இதுன்னா காலைத் தூக்காமலே ஏறிக்கலாங்க" என்றாள். அதையே வாங்கினேன். குளம்பைத் தூக்கிப் பார்க்காமல் மாட்டுக்கு அச்சாரம் கொடுக்காத நான், காரின் அடியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் அவளுக்கு வலி கண்டது. ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். மழையில் தடத்தின் இரு பள்ளங்களும் ஆழமாகியிருந்தன. சக்கரங்கள் அவற்றில் இறங்கியதும், நடுவிலிருந்த மேட்டில் காரின் அடிப்பாகம் மோதி உடைந்து, எண்ணெய் முழுவதும் கொட்டிவிட்டது. பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்தவர் ஏரை அவிழ்த்துவிட்டு ஓடிவந்தார்.

"நான் வண்டி கட்டறேனுங்க. அம்மாவ மெதுவா எறக்குங்க" என்றார்.

வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வெகுநேரமாயிற்று. பிறந்த குழந்தைக்கு உயிர் இல்லை.

இப்போது யாராவது கார் பார்க்கக் கூப்பிட்டால், முதலில் துண்டை விரித்து அதன் அடியில் படுத்துப் பார்க்கிறேன். என் மனைவி எந்தக் காரிலும் ஏறுவதில்லை. எங்கே போவதானாலும் மாட்டுவண்டியைத்தான் கட்டச் சொல்கிறாள். அந்த வண்டி போகப் போக, தடம் இன்னும் ஆழமாகிக்கொண்டிருக்கிறது.